செல்லுக்குள் ஒரு ‘டூப்’: மைக்ரோ ஆர்என்ஏ மிமிக், இன்ஹிபிட்டர் ஆய்வில் என்ன நடக்குது?

கல்லீரல் கட்டிகளில் இருந்து எடுத்து, உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்த்துவரும் செல் வகைகளில் இரண்டு ரொம்பப் பிரபலம். ஒன்று ஹூ-7. இன்னொன்று ஹெப்-ஜி2. இரண்டுமே மனிதக் கல்லீரலில் இருந்து வந்தவைதான். ஆனால் ஹெபடைட்டிஸ் சி வைரஸின் ஆர்என்ஏவை உள்ளே விட்டால், ஹூ-7 செல்லில் அது ஜோராகப் பெருகும். ஹெப்-ஜி2 செல்லில் அப்படி நடக்காது. ஏன்?

2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஜாப்ளிங், பீட்டர் சார்னோ குழுவினர் கண்ணில் ஒரு வித்தியாசம் பட்டது. மிர்-122 என்ற மைக்ரோ ஆர்என்ஏ ஹூ-7 செல்லில் இருந்தது, ஹெப்-ஜி2-வில் இல்லை.

சரி, இருந்தால் என்ன? இரண்டு செல்களுக்கும் இடையே வித்தியாசங்கள் ஆயிரம் இருக்கும். வைரஸ் பெருக இதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் மிர்-122-ஐ செல்லுக்குள்ளேயே மடக்கிப் பிடித்துவைத்துப் பார்த்தார்கள். அதற்கென்றே செயற்கையாகத் தயாரித்த ஒரு குட்டி மூலக்கூறை ஹூ-7 செல்லுக்குள் அனுப்பினார்கள். வைரஸின் ஆர்என்ஏ வெகுவாகக் குறைந்துபோனது.

அந்தக் குட்டி மூலக்கூறின் பெயர்தான் இன்ஹிபிட்டர். அதற்கு நேர் எதிர் வேலை செய்வது மிமிக். ‘இந்த மைக்ரோ ஆர்என்ஏதான் புற்றுநோயைத் தூண்டுது’, ‘இதுதான் இதயத்தைக் காப்பாத்துது’ என்று வரும் ஆய்வுச் செய்திகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். ஆய்வகத் தட்டில் கிடைத்த அந்த ரிசல்ட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் சிக்கலே. இது ஏதோ விஞ்ஞானிகளுக்குள் நடக்கும் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. இதே பாதையில் வந்த ஒரு மருந்துப் பரிசோதனையில் நோயாளிகள் உயிரிழந்திருக்கிறார்கள்.

ஸ்விட்ச் இல்லை, ஃபேன் ரெகுலேட்டர்

முதலில் அடிப்படை. டிஎன்ஏவில் இருக்கும் குறிப்பை எம்ஆர்என்ஏ நகலெடுத்துவரும். அதைப் படித்து செல் புரதம் தயாரிக்கும். பள்ளிப் பாடத்தில் இவ்வளவுதான். நடுவில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்பது 1993 வரை யாருக்கும் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவை ஆராய்ந்துகொண்டிருந்த விக்டர் ஆம்ப்ரோஸ் குழு, வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஒரு ஆர்என்ஏவைக் கண்டுபிடித்தது. அது எந்தப் புரதத்தையும் உருவாக்கவில்லை. இன்னொரு மரபணுவின் எம்ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு, அதன் வேலையைக் குறைத்தது. எப்படி ஒட்டுகிறது, எப்படி அடக்குகிறது என்பதை அதே நேரத்தில் கேரி ரவ்குன் காட்டினார். ‘ஏதோ புழு விவகாரம்’ என்று பலரும் கடந்துபோனார்கள். 2000-ல் ரவ்குன் குழு கண்டுபிடித்த லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ மனிதன் வரைக்கும் பல விலங்குகளில் அப்படியே இருப்பது தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024-ல் இருவருக்கும் மருத்துவ நோபல்.

மனிதர்களிடம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்என்ஏ மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆர்கோநாட் என்ற புரதத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு இரண்டும் சேர்ந்து, பொருத்தமான எம்ஆர்என்ஏவைத் தேடிப் பிடித்து அதன் வாயை மூடும். பொருத்தம் முழுசாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மைக்ரோ ஆர்என்ஏவின் 2-வது எழுத்தில் இருந்து 8-வது எழுத்து வரை பொருந்தினாலே பெரும்பாலும் போதும். இந்தப் பகுதிக்கு ‘சீட்’, அதாவது விதை என்று பெயர். ஏழு எழுத்துப் பொருத்தம் என்றால் எத்தனை இடங்களில் கிடைக்கும்? நூற்றுக்கணக்கில். அதனால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட்டுப் பார்க்கும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நேரங்களில் மைக்ரோ ஆர்என்ஏ எதையும் முழுசாக நிறுத்திவிடாது. லைட் ஸ்விட்ச் மாதிரி அல்ல. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. 5-ல் ஓடுவதை 4-க்கோ 3-க்கோ குறைக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை மறந்ததால் வந்த வினை நிறைய.

டூப்பும் பிடிவாரண்டும்

மிமிக் என்பது சினிமா டூப் மாதிரி. ஒரிஜினல் மைக்ரோ ஆர்என்ஏவின் அதே எழுத்து வரிசையில், ஆய்வகத்தில் வேதியியல் முறையில் தயாரிக்கப்படும் ஆர்என்ஏ. பார்க்க இரட்டை இழையாக இருக்கும். அதில் ஒரு இழைதான் ஹீரோவுக்கு டூப். அதுதான் ஆர்கோநாட்டுக்குள் உட்கார வேண்டியது. இன்னொரு இழை கூடவே வரும் துணை ஆள். இந்தத் துணை ஆள் தவறிப்போய் ஆர்கோநாட்டில் இடம் பிடித்துவிட்டால், சம்பந்தமே இல்லாத மரபணுக்கள் அடங்கிப்போகும். அதனால் அந்த இழையில் மட்டும் சில வேதியியல் மாற்றங்களைச் செய்து, உள்ளே நுழைய முடியாதபடி ஆக்கிவிடுகிறார்கள்.

இன்ஹிபிட்டர் ஒற்றை இழை. குறிவைத்த மைக்ரோ ஆர்என்ஏவுக்கு எதிர்ஜோடியான எழுத்துகளைக் கொண்டது. அதன்மேல் போய் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த மைக்ரோ ஆர்என்ஏவால் வேறு எங்கும் நகர முடியாது. சாதாரண ஆர்என்ஏவாக இருந்தால் செல்லில் உள்ள நொதிகள் கொஞ்ச நேரத்தில் கடித்துத் துப்பிவிடும் என்பதால், இதன் சர்க்கரைப் பகுதியிலும் முதுகெலும்பிலும் மாற்றம் செய்து கெட்டிப்படுத்துவார்கள். எல்என்ஏ எனப்படும் ‘பூட்டிய’ வகை அப்படிப்பட்டதுதான். ஒட்டினால் லேசில் பிரியாது.

இவை பொடியாக, ஒரு குட்டிக் குப்பியில் வரும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி மனிதர்களின் விரல் தோலிலேயே இருப்பதால் கிளவுஸ் இல்லாமல் குப்பியைத் தொட மாட்டார்கள். கரைப்பதற்கும் அந்த நொதி இல்லாத தனி நீர்தான். ஆர்என்ஏவுக்கு எதிர்மின்னூட்டம், செல் சவ்வைத் தானாகத் தாண்டாது. அதனால் கொழுப்பாலான துகள்களோடு கலந்து, செல்கள் அதை விழுங்கும்படி செய்வார்கள். இதற்குப் பெயர் ட்ரான்ஸ்ஃபெக்‌ஷன். பிறகு 24 மணி நேரமோ, 48 மணி நேரமோ, 72 மணி நேரமோ காத்திருப்பு. அதன்பிறகு செல் வேகமாக வளர்கிறதா, சாகிறதா, எந்தப் புரதம் குறைந்தது என்று அளப்பார்கள்.

கூடவே ‘எதுவும் செய்யாத’ ஒரு போலியையும் வேறு செல்களுக்குக் கொடுத்து ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நடந்த மாற்றம் மைக்ரோ ஆர்என்ஏவாலா, கொழுப்புத் துகளாலா என்றே தெரியாது. இதற்கு அதிகமாகப் பயன்படுத்தப்படும் வரிசைகளில் ஒன்று, அதே சி. எலிகன்ஸ் புழுவின் மிர்-67. மனிதர்களிடம் அதற்கு இணை இல்லை என்பதால், மனித செல்லில் அது பெரிதாக வேலை எதையும் செய்யாது.

அளவு கூடினால் அமுதமும் நஞ்சு

கேட்க எளிமையாக இருக்கிறது இல்லையா? மிமிக்கைப் போடு, கூடும். இன்ஹிபிட்டரைப் போடு, குறையும். பிரச்சினை ஆரம்பிப்பதே இங்கேதான்.

மிமிக் கொடுத்த பிறகு அந்த மைக்ரோ ஆர்என்ஏ செல்லில் எவ்வளவு இருக்கிறது என்று பிசிஆர் மூலம் அளந்தால், எண்ணிக்கை எகிறியிருக்கும். நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று கட்டுரைகளில் பெருமையாகப் படம் போடுவார்கள். ஆனால் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு அதில் ஓட்டை போட்டது. பிசிஆர் கணக்கில் வரும் மிமிக்கில் பெரும்பகுதி, செல்லுக்குள் நுழையும்போது மாட்டிக்கொண்ட பைகளுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. ஆர்கோநாட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பது அதில் ஒரு சிறு பங்குதான். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தை மண்டபத்து வாசலில் வைத்து எண்ணிவிட்டு, எல்லாரும் பந்தியில் சாப்பிட்டார்கள் என்று சொல்வது மாதிரி.

இன்னொரு பக்கமும் உண்டு. செல்லில் இருக்கும் ஆர்கோநாட்டுக்கு ஒரு எல்லை இருக்கிறது. வெளியில் இருந்து ஏராளமான டூப்களை இறக்கினால், ஏற்கெனவே வேலையில் இருக்கும் மற்ற மைக்ரோ ஆர்என்ஏக்கள் சீட் இழந்து வெளியே நிற்கும். அவை அடக்கிவைத்திருந்த மரபணுக்கள் தலைதூக்கும். அதற்கு முன்பே வெளியான நூற்றுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளின் தரவை 2009-ல் மறுபடி அலசிய நியூயார்க் ஆய்வாளர்கள் இதே தடயத்தைப் பார்த்தார்கள். அதாவது, ‘மிமிக் போட்டதும் இந்த மரபணு கூடியது’ என்று எழுதப்பட்ட சில முடிவுகளுக்கு அந்த மிமிக்கின் எழுத்து வரிசையோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

2015-ல் வெளியான ஒரு கட்டுரையோ தலைப்பிலேயே ‘மிமிக்கை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும்’ என்றது. அதில் வந்த முடிவு கொஞ்சம் சங்கடமானது. ஹீலா செல்களில் அளவைக் கூட்டினால் சம்பந்தமில்லாத மரபணுக்களும் மாறுகின்றன. அளவைக் குறைத்தால், அடங்க வேண்டிய மரபணுவே அடங்குவதில்லை.

ரெகுலேட்டரை 4-ல் இருந்து 3-க்குத் திருப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள், அதைப் பிடுங்கிக் கையில் எடுத்துவிட்டு, ‘பாருங்க, ஃபேன் நின்னுடுச்சு’ என்று சொன்னால் எப்படி? மிமிக்கை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளில் ஒரு பகுதி இந்த ரகம்தான்.

ஸ்டான்ஃபோர்டு குழு எப்படி நிரூபித்தது?

அப்படியென்றால் ஆரம்பத்தில் பார்த்த மிர்-122 கதையும் நம்ப முடியாததா? அங்கேதான் விஷயம் சுவாரசியம். ஜாப்ளிங் குழு இன்ஹிபிட்டர் ரிசல்ட்டோடு நிற்கவில்லை.

வைரஸ் ஆர்என்ஏவின் தொடக்க முனைக்கு அருகில் மிர்-122-இன் சீட் பொருந்தக்கூடிய ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் எழுத்தை மாற்றினார்கள். இப்போது மிர்-122 செல்லில் ஏராளமாக இருந்தும் ஒட்ட முடியவில்லை. வைரஸ் ஆர்என்ஏ பெருகவில்லை. இதற்குப் பிறகு செய்ததுதான் அசத்தல். வைரஸில் எந்த எழுத்தை மாற்றினார்களோ, அதற்கு ஈடாக மிர்-122-இலும் எழுத்தை மாற்றி, அந்தத் திருத்திய வடிவத்தைச் செல்லுக்குள் கொடுத்தார்கள். பூட்டை மாற்றியாச்சு, அந்தப் பூட்டுக்கேற்ற புதுச் சாவியையும் செய்தாச்சு. வைரஸ் ஆர்என்ஏ மறுபடி பெருக ஆரம்பித்தது.

கொழுப்புத் துகளின் பக்கவிளைவு, ஆர்கோநாட் சீட் சண்டை, இது மாதிரி எந்தக் காரணத்தைச் சொன்னாலும் இந்த மூன்று ரிசல்ட்டையும் ஒன்றாக விளக்க முடியாது. சாவியும் பூட்டும் நேரடியாகப் பொருந்துவது மட்டும்தான் விளக்கும். இப்படி இழந்ததைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பதற்கு ‘ரெஸ்க்யூ’ என்று பெயர். மைக்ரோ ஆர்என்ஏ ஆய்வில் இதற்கு இணையான சான்று அபூர்வம்.

பலரும் பயன்படுத்தும் லூசிஃபெரேஸ் சோதனையும் இதே யோசனைதான். மின்மினிப்பூச்சியை ஒளிரவைக்கும் நொதியின் மரபணுவோடு, சந்தேகப்படும் எம்ஆர்என்ஏவின் வால் பகுதியை ஒட்டுவார்கள். மிமிக் போட்டதும் வெளிச்சம் மங்கினால் சந்தேகம் வலுக்கும். வாலில் அந்த ஏழு எழுத்தை மாற்றிய பிறகு மங்காமல் இருந்தால்தான் உறுதி. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடும் கட்டுரைகளும் இருக்கின்றன என்பது சோகம்.

அதோடு மிர்-122 விவகாரத்தில் ஒரு வினோதமும் உண்டு. மைக்ரோ ஆர்என்ஏ என்றாலே அடக்குவது என்றுதானே பார்த்தோம்? இங்கே வைரஸ் அதை பாடிகார்டாக வைத்துக்கொள்கிறது. தன் ஆர்என்ஏவின் முனையில் மிர்-122-ஐ ஒட்டவைத்து, செல்லின் சிதைக்கும் நொதிகளிடம் இருந்து தப்பிக்கிறது. ஒவ்வொரு கல்லீரல் செல்லிலும் 50,000-க்கு மேல் மிர்-122 இருப்பதால், பாடிகார்டுக்குப் பஞ்சமே இல்லை.

தட்டில் இருந்து உடம்புக்கு

சான்று இவ்வளவு வலுவாக இருந்ததால் மருந்து யோசனையும் உடனே வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த சான்டாரிஸ் நிறுவனம், 15 எழுத்து நீளமுள்ள ஒரு எல்என்ஏ இன்ஹிபிட்டரை உருவாக்கியது. பின்னாளில் அதன் பெயர் மிராவிர்சென். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி தொற்று இருந்த நான்கு சிம்பன்ஸிகளுக்கு வாரம் ஒரு முறை என்று 12 வாரங்கள் கொடுத்த சோதனை 2010-ல் வெளியானது. அதிக அளவு பெற்ற இரண்டுக்கும் ரத்தத்தில் வைரஸ் பல நூறு மடங்கு குறைந்தது.

2013-ல் மனிதர்களிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. 36 நோயாளிகள், வாரம் ஒன்றாக ஐந்து ஊசிகள். அதிக அளவு பெற்ற குழுவில் வைரஸ் அளவு சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்காக இறங்கியது. அதில் நான்கு பேருக்கு ரத்தத்தில் வைரஸே தென்படவில்லை. செல் தட்டில் பார்த்தது மனிதக் கல்லீரலிலும் அப்படியே நடந்தது.

ஆனாலும் இந்த மருந்து மெடிக்கல் ஷாப்புக்கு வரவில்லை. ஊசி நின்றதும் வைரஸ் மறுபடி தலைதூக்கியது ஒரு பக்கம். அதே 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது இன்னொரு பக்கம். சில மாத மாத்திரையில் நோயே குணமாகிவிடும் என்றால், ஊசிக்கு யார் காத்திருப்பார்கள்? அறிவியலில் ஜெயித்து, டைமிங்கில் தோற்ற கதை.

டூப்புக்கு நேர்ந்த விபத்து

மிமிக் பக்கத்தில் நடந்தது இதைவிடக் கனமான கதை. மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏ, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் கட்டளையில் வேலை செய்வது என்று 2007-ல் பல குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. பல கட்டிகளில் மிர்-34ஏ குறைந்திருக்கும். தட்டில் வளரும் புற்றுநோய் செல்களுக்கு அதன் மிமிக்கைக் கொடுத்தால் வளர்ச்சி நின்றது, செல்கள் செத்தன. எலிகளில் கட்டி சுருங்கியது. குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற கணக்கு கேட்பதற்கு அவ்வளவு அழகு.

டெக்சாஸைச் சேர்ந்த மிர்னா தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் இந்த மிமிக்கைக் கொழுப்புத் துகளில் அடைத்து, எம்ஆர்எக்ஸ்34 என்ற பெயரில் 2013-ல் நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. மனித உடம்புக்குள் போன முதல் மைக்ரோ ஆர்என்ஏ மிமிக் அதுதான். 2016 செப்டம்பரில் பரிசோதனை நிறுத்தப்பட்டது. நோய் எதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் எதிர்வினை காட்டியதுதான் காரணம். 2020-ல் வந்த இறுதி அறிக்கையின்படி, பங்கேற்ற 85 பேரில் மூன்று பேருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியிருந்தது. எதிர்ப்பு மண்டலப் பாதிப்பால் நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

என்ன தப்பு நடந்தது? இரட்டை இழை ஆர்என்ஏ என்றாலே உடம்புக்கு வைரஸ் ஞாபகம்தான் வரும், அலாரம் அடிக்கும். கொழுப்புத் துகளும் ரத்தத்தில் சுற்றி, கட்டியைத் தவிர வேறு பல இடங்களுக்கும் மருந்தைச் சுமந்துபோகும். இரண்டுமே சந்தேக வளையத்தில் இருப்பவை. ஒன்று மட்டும் நிச்சயம்: தட்டில் வளரும் புற்றுநோய் செல்களுக்குப் பக்கத்தில் எதிர்ப்பு மண்டலம் கிடையாது. வெள்ளை அணுக்கள் இல்லை, எலும்பு மஜ்ஜை இல்லை, காய்ச்சல் வருவதற்கு உடம்பே இல்லை. அந்தத் தட்டை எத்தனை முறை பார்த்தாலும் இந்த ஆபத்து அதில் தெரிந்திருக்காது.

சிஆர்என்ஏ எனப்படும் இன்னொரு வகை செயற்கைக் குட்டி ஆர்என்ஏவில் 2018-ல் இருந்து அனுமதி பெற்ற மருந்துகள் இருக்கின்றன. அவையும் இரட்டை இழைதான். ஆனால் ஒரே ஒரு மரபணுவைக் குறிவைத்து வடிவமைக்கப்பட்டவை. மைக்ரோ ஆர்என்ஏ மிமிக்கோ, இன்ஹிபிட்டரோ இன்றுவரை ஒன்றுகூட அனுமதி பெறவில்லை. நூறு மரபணுக்களை ஒரே நேரத்தில் தொடுவதுதான் இவற்றின் பலம் என்று பேசப்பட்டது. மருந்து என்று வரும்போது அதுவே தலைவலி.

இப்போது ஓட்டத்தில் இருப்பது எது?

இப்போதைக்கு இன்ஹிபிட்டர் பக்கம்தான் கை ஓங்கியிருக்கிறது. பரம்பரையாக வரும் ஒரு சிறுநீரக நோயில், சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வளர்ந்துகொண்டே போகும். பலருக்கு அது டயாலிசிஸில் கொண்டுபோய் விடும். இந்த நோயில் ஏற்கெனவே குறைந்துபோன பிகேடி1, பிகேடி2 மரபணுக்களை மிர்-17 இன்னும் அடக்குகிறது என்பது கணக்கு. மிர்-17-ஐத் தடுத்தால் அந்த மரபணுக்களுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

அமெரிக்காவின் ரெகுலஸ் நிறுவனம் இதற்காக உருவாக்கிய முதல் இன்ஹிபிட்டர் சிறுநீரகத்தில் வேலையைச் சரியாகவே செய்தது. ஆனால் விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது நரம்பு மண்டலத்தில் பாதிப்பு தெரிந்தது. தேடிப் பார்த்தால், அந்த மூலக்கூறு மிர்-17-க்குச் சம்பந்தமே இல்லாத, மூளையில் இருக்கும் ஒரு ஏற்பியிலும் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நிறுவனம் அதைக் கைவிட்டது. அதே மிர்-17-ஐக் குறிவைத்து, அந்த ஏற்பியைத் தொடாதபடி வேதியியல் அமைப்பை மாற்றி இன்னொன்றைச் செய்தது. ஃபராபர்சென் என்ற அந்த இரண்டாவது மூலக்கூறு முதல்கட்டப் பரிசோதனையை முடித்துவிட்டது. 2025-ல் நோவார்ட்டிஸ் நிறுவனம் முன்பணமாக மட்டும் 80 கோடி டாலர் கொடுத்து ரெகுலஸை வாங்கியது.